ஏறுவது காலால், இறங்குவது ரயிலாலா?

வாசகர் கேள்வி – பதில்: மலையேற்றம்

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் சபாவின் கினபாலு மலைக்குப் போய் வந்தவர்கள், மீதிப் பேர் போகப் போகிறவர்கள். போகப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது எப்படி ஏறுவது என்று. போய் வந்தவர்கள் எல்லாரும் புலம்புவது இறங்கிய கதையை. இந்த இரண்டு கூட்டமும் ஒரு மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்தால் எனக்கு வேலையே இருக்காது. அது நடக்காது என்பதால் இந்த மாதம் இறக்கத்துக்குத்தான் அதிக இடம்.

வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு: டீச்சர், நானும் கூட்டாளிகளும் ஆகஸ்டில் கினபாலு ஏறுகிறோம். ஞாயிறுதோறும் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் ரோட்டில் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்து ஏறுகிறோம். மேலே ஆளுக்கொரு மைலோ குடித்துவிட்டு ரயிலில் இறங்கிவிடுவோம். ஏறும் நேரம் வாராவாரம் குறைகிறது. இந்தப் பயிற்சி போதுமா?

தம்பி, நீங்கள் செய்வது பாதிப் பயிற்சி. அதிலும் சுலபமான பாதி.

கணக்கைப் பாருங்கள். கினபாலுவில் நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் ஆறு கிலோமீட்டர் ஏறி லாபான் ராத்தாவில் தங்குகிறோம். அது 3,272 மீட்டர். மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி மலையின் உச்சியான லோ சிகரத்தைத் தொடுகிறோம், 4,095 மீட்டர். ஆக, இரண்டாம் நாள் ஏறுவது 823 மீட்டர்தான். அதே நாளில் வாசல் வரைக்கும் இறங்குவது 2,229 மீட்டர். கொடிமலையின் மொத்த உயரமே 833 மீட்டர். தூக்கம் கெட்டு, அரை வயிற்றோடு, கொடிமலையை ஒரு முறை ஏறி, இரண்டரை முறைக்கு மேல் இறங்கப் போகிறீர்கள். இதுவரை நீங்கள் கொடிமலையை இறங்கியதெல்லாம் ரயிலில் உட்கார்ந்துகொண்டு!

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது முக்கியமாக இந்த வேலையில்தான். மூச்சு அவ்வளவாக வாங்காததால் உழைக்கிறோம் என்பதே தெரியாது. முழங்காலுக்கு மேலே கிடுகிடுவென்று நடுக்கம் பிடித்த பிறகுதான் தெரியும், அப்போது இன்னும் நாலு கிலோமீட்டர் பாக்கி இருக்கும். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிக்கு இன்ஜினைவிட பிரேக்தான் முக்கியம். உங்கள் முன்தொடைதான் அந்த பிரேக்.

சரி, என்ன செய்வது? திருப்பிப் போடுங்கள். ரயிலில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். ரயில் நிலையம் உங்கள் வீட்டுப் பக்கம்தானே. "ஒரு வழி டிக்கெட், மேலே போக மட்டும்" என்று கேட்டால் கவுண்டரில் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஜீப் ரோட்டின் சரிவு சில இடங்களில் முதுகைப் பிடித்துத் தள்ளும். ஓடாமல், ஒவ்வொரு அடியையும் அடக்கி வைத்து இறங்குங்கள். முதல் தடவைக்கு அப்புறம் திங்களும் செவ்வாயும் வீட்டு மாடிப்படி இறங்கவே முனகுவீர்கள். அந்த வலி நமக்கு வேண்டியதுதான். ஒரு தடவை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை இன்னும் நன்றாகத் தாங்கும். இது விளையாட்டுப் பயிற்சியில் நன்றாகத் தெரிந்த விஷயம். வலி தெளிந்த பிறகு பையில் தண்ணீர் போத்தல்களை அடுக்கிக்கொண்டு இறங்குங்கள். கடைசிக் கனமான இறக்கத்தை, மலைக்குப் போவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வலியோடு விமானம் ஏறக் கூடாது.

வார நாளில் நேரம் கிடைத்தால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போங்கள். 513 படி. சாமி கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல், குதிக்காமல் வாருங்கள். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அன்றைக்கு இறங்கி வரும் கூட்டத்தில் எத்தனை பேர் படியில் பக்கவாட்டாகத் திரும்பி நொண்டிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள்.

இறங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கினபாலுவில் ஏற வழிகாட்டி கட்டாயம், மாலிம் குனோங் என்பார்கள். பெரும்பாலும் மலையடிவாரத்து டூசுன் மக்கள். உங்கள் வழிகாட்டி இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். நம் காலில் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய சப்பாத்து இருக்கும். அவர்களில் பலர் போட்டிருப்பது கறுப்பு ரப்பர் சப்பாத்து. நம் தோட்டத்துப் பெரியவர்கள் மரம் சீவப் போட்டுக்கொண்டு போன அதே வகை, 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரே செல்லமாகச் சொல்வது. அந்தக் கால் எட்டி வைப்பதில்லை. சின்னச் சின்ன அடி, வேகமான அடி. முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும், பாதம் முழுசாகப் பதியும். உயரமான படி வந்தால் நேராகக் குதிக்காமல் ஓரத்தில் இருக்கும் சின்னக் கல்லைத் தேடி இரண்டு அடியாக்கிக்கொள்வார். நாம் அந்தப் படியில் தொம்மென்று விழுவோம். ஒரு படியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆயிரக்கணக்கான படிகள் இருக்கின்றன தம்பி.

இன்னொன்று. திம்போஹோன் வாசலைத் தாண்டியதும் பாதை முதலில் கீழே இறங்கி, கார்சன் நீர்வீழ்ச்சியைக் கடந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். போகும்போது அந்தச் சின்ன இறக்கம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. திரும்பி வரும்போது, முடிந்தது, வேன் வந்திருக்கும் என்று நினைக்கிற நேரத்தில் அதே இடம் ஏற்றமாக எதிரே நிற்கும். பெரிய பெரிய ஆம்பிளைகள் அங்கே படியில் உட்கார்ந்து திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வாழைப்பழமாவது மிச்சம் வைத்திருப்பீர்கள்.

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்: பக்கத்தில் மலை இல்லை, பதினான்காவது மாடியில் குடியிருக்கிறோம். வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிவிடுகிறது. பயிற்சிக்கு எங்கே போவது?

பதினான்கு மாடியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்கிறீர்களே! லிப்ட்டில் மேலே போங்கள், படியில் இறங்குங்கள், மறுபடி லிப்ட். ராத்திரி தனியாக வேண்டாம், வீட்டுக்காரரையோ தங்கச்சியையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பத்துமலையின் 272 படி நல்லதுதான், ஆனால் அது ஒன்றே போதாது. கிளம்புவதற்கு முந்தைய மாதம் ஒரு சனிக்கிழமை உலு லங்காட் பக்கம் போய் நுவாங் மலை ஏறுங்கள். 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. அதில் இறங்கி வந்த மறுநாள் உங்கள் கால் சொல்லும், நீங்கள் தயாரா இல்லையா என்று.

வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு: லாபான் ராத்தாவில் ராத்திரி சாப்பிட முடியவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது, வாந்தியும் வந்தது. வழிகாட்டி உச்சிக்கு வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நான் தினமும் ஜிம்முக்குப் போகிறவன். ஐம்பத்தைந்து வயது மாமா உச்சிக்குப் போய் வந்து எல்லா விசேஷ வீட்டிலும் படம் காட்டுகிறார். எனக்கு என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. உயர நோய்க்கு நெஞ்சு அகலமெல்லாம் கணக்கில்லை. மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடும். கினபாலு உச்சியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது பொதுவான வழிமுறை. நாமோ இன்றைக்குக் கடலோரத்தில் மீன் கறி சாப்பிட்டுவிட்டு நாளைக்கு 3,272 மீட்டரில் படுக்கிறோம். சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜிம்முக்குப் போகிற இளவட்டங்கள் விறுவிறுவென்று முன்னால் ஏறிப் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. உங்கள் மாமா பத்து அடிக்கு ஒரு தரம் நின்று கதை பேசிக்கொண்டு வந்திருப்பார், சரிதானே?

தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், ராத்திரி என்று பார்க்காமல் இறக்கிவிட வேண்டும். அது மூளையையோ நுரையீரலையோ தாக்கிவிட்ட அறிகுறி. இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து. உங்கள் வழிகாட்டி செய்தது சரியான காரியம், அடுத்த தடவை போனால் அவரையே கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் முன்னதாகவே மலையடிவாரத்து ஊரான குண்டாசாங்கிலோ கினபாலு பூங்கா வாசலிலோ தங்கிப் பழகிவிட்டு ஏறுங்கள். தடுப்பு மாத்திரை இருக்கிறது, அசிட்டசோலமைட் என்பார்கள். அதைக் கூட்டாளியிடம் வாங்கிப் போட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஒரு செய்தி. எவரெஸ்ட்டை முதலில் தொட்ட மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும், 1997 மே 23 அன்று. நம் பிள்ளைகள். நாடே அவர்களைக் கொண்டாடியது, அவர்கள் இறங்கியும் வந்ததால். எவரெஸ்ட்டில் 8,000 மீட்டருக்கு மேலே உயிரை விட்டவர்களில் பெரும்பாலோர் இறங்கும் வழியில்தான் விட்டிருக்கிறார்கள். அடுத்த விசேஷத்தில் மாமா படத்தை எடுத்தால், "எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தீங்க மாமா?" என்று மட்டும் கேளுங்கள்.

வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்: இருட்டில் ஏறும்போது பயமே இல்லை. சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பினால், நாங்கள் ஏறி வந்த பாறையைப் பார்த்ததும் கால் மரத்துப்போய்விட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். சிலுவார் கிழிந்ததுதான் மிச்சம். இதற்கு வழி உண்டா?

தலைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு மீட்டர்தான் தெரியும், அதனால்தான் பயம் வரவில்லை. விடிந்ததும் மொத்தச் சரிவும் தெரிகிறது. மேலே மரம் செடி கிடையாது, மொட்டைக் கருங்கல் பாறை, அதன்மேல் ஒரு வெள்ளைக் கயிறு. யாருக்கும் வயிறு கலங்கும்.

உட்கார்ந்து நகர்வதுதான் ஆபத்து. உட்கார்ந்தால் பாரம் முழுக்கப் பாதத்தை விட்டுப் போய்விடுகிறது, வழுக்கினால் நிறுத்த எதுவும் இல்லை. நிமிர்ந்து நில்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், உடம்பைப் பின்னால் சாய்க்காமல் பாதத்துக்கு மேலேயே வையுங்கள். காய்ந்த கருங்கல் சொரசொரப்பானது, சப்பாத்து முழுசாகப் பதிந்தால் நன்றாகப் பிடிக்கும். சாயாட் சாயாட் சோதனைச் சாவடிக்குக் கீழே கயிறு பிடித்து இறங்கும் செங்குத்தான இடங்களில் மட்டும் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி பின்பக்கமாக இறங்குங்கள். ஒரு கயிற்றுத் துண்டில் ஒருத்தர்தான். ஊன்றுகோலை அங்கே மடக்கிப் பையில் போடுங்கள், இரண்டு கையும் வேண்டும். கையுறை ரப்பர் பிடிப்பு உள்ளதாக இருக்கட்டும், கம்பளிக் கையுறை ஈரக் கயிற்றில் வழுக்கும்.

தூரத்தைப் பார்க்காமல், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

வாசகர், பட்டர்வொர்த்: அம்மாவுக்கு 61 வயது. இனிப்புநீர் இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். முட்டிவலியும் உண்டு. "சாவதற்குள் ஒரு தடவை கினபாலு" என்று அடம் பிடிக்கிறார். அழைத்துப் போகலாமா?

சபாவுக்கு அழைத்துப் போகலாம். மலைக்கு அழைத்துப் போவது அவருடைய மருத்துவர் சொல்வதைப் பொறுத்தது, நான் சொல்வதைப் பொறுத்து அல்ல.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அன்றைக்கு இன்சுலின் அளவு என்ன என்று கேளுங்கள். இன்சுலின் உறைந்துபோனால் வீண். உச்சிப் பக்கம் விடியற்காலைக் குளிர் பூஜ்யம் டிகிரியை நெருங்கும், அதனால் பையின் வெளிப்பக்கம் வைக்காமல் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தகராறு செய்யும், அதுவும் உள்பாக்கெட்டில். எல்லாவற்றையும்விடப் பாதம் முக்கியம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறக்கத்தில் கொப்புளம் விழுவதே அவருக்குத் தெரியாது. ஒரு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் வீடுகளில் பார்க்காதவர்கள் குறைவு.

முட்டியைப் பொறுத்தவரை ஊன்றுகோல் இரண்டு வேண்டும். இறங்கும்போது அதைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, கால் வைப்பதற்கு முன்னால் கோலை வைக்கச் சொல்லுங்கள். முட்டியில் விழும் பாரம் குறையும். முதலில் உங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது மாடிப்படியில் வலியில்லாமல் பத்து மாடி இறங்கட்டும், மற்றதை அப்புறம் பேசுவோம்.

மலை வேண்டாம் என்று முடிவானால் அம்மாவைக் குண்டாசாங்கில் தங்க வையுங்கள். காலையில் மேகம் ஏறுவதற்குமுன் மொத்த மலையும் ஜன்னலில் நிற்கும். காய்கறிக் கடைகளில் அம்மாவுக்குப் பொழுது போவதே தெரியாது.

வாசகர், செப்பராங் ஜெயா: உச்சியில் சூடம் ஏற்றி, முருகன் படம் ஒன்று வைத்துவிட்டு வர வேண்டும் என்பது என் வேண்டுதல். அனுமதி உண்டா?

வேண்டாம் ஐயா. அது தேசியப் பூங்கா, 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே நெருப்பு மூட்டவும் கூடாது, எதையும் விட்டுவிட்டு வரவும் கூடாது. அது இருக்கட்டும், அந்த மலை ஏற்கெனவே ஒரு கோயில். கடசான்டூசுன் மக்களுக்கு அது முன்னோர் ஆவிகள் தங்கும் இடம், அக்கி நபாலு என்பார்கள். மலையைச் சாந்தப்படுத்த வெள்ளைக் கோழி பலியிட்டுச் சடங்கு செய்யும் வழக்கம் அவர்களுடையது. கோழி அறுத்துக் கும்பிடும் முனீஸ்வரன் கோயில் நமக்குத் தெரியாததா? அடுத்த வீட்டுக் குலசாமி சன்னிதியில் போய் நாம் சூடம் கொளுத்துவோமா?

2015-இல் சில வெளிநாட்டுப் பயணிகள் உச்சியில் ஆடையைக் களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாளில், ஜூன் 5 அன்று, 6.0 அளவில் நிலநடுக்கம். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள், மலை வழிகாட்டிகள் என்று 18 பேர் போனார்கள். ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள். பூமித்தட்டு நகர்வது வேறு விஷயம் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்த வருத்தத்தின் எடையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அன்று மேலே நூற்றுக்கும் அதிகமானோர் மாட்டிக்கொண்டார்கள், பாதை இடிந்துபோயிருந்தது. ஹெலிகாப்டரால் அவர்களைக் கொண்டுவர முடியாதபோது, வழிகாட்டிகள்தான் அடிபட்டவர்களைச் சுமந்து, மற்றவர்களைக் கைபிடித்து, அந்தக் கற்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் வேண்டுதலுக்கு ஆகும் பணத்தை வழிகாட்டியின் கையில் கொடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெயர் வேண்டாம், கெப்போங்: வந்து இரண்டு நாள் ஆகிறது. குந்தி உட்காரும் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. எண்ணெய் போட்டு உருவலாமா?

சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரித்துவிட்டேன். முதல் மூன்று நாள் அப்படித்தான் இருக்கும், அப்புறம் தணியும். அழுத்தி உருவ வேண்டாம், ஏற்கெனவே கிழிந்த தசை. வெந்நீரில் குளித்துவிட்டு மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ எண்ணெயை மூடி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதலாவது தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தொடும் அறிகுறி, இரண்டாவது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

நகம் கறுத்தது இறக்கத்தில் விரல் சப்பாத்தின் மூக்கில் இடித்து இடித்துத்தான். புது நகம் வளரும்வரை பொறுங்கள். அடுத்த தடவை நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். அரை அளவு பெரிய சப்பாத்து வாங்குங்கள். இறங்கத் தொடங்கும் முன், லாபான் ராத்தாவிலேயே உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பிடிபட்டால் விரல் முன்னால் ஓடாது.

வாசகர், செராஸ், கோலாலம்பூர்: கினபாலு ஏறக் கடப்பிதழ் வேண்டுமா? உச்சிக்குப் போனதற்கு என்ன சாட்சி கேட்பார்கள்?

மலேசியருக்கு மைகாட் அடையாள அட்டை போதும். ஆனால் உள்நாடுதானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கோத்தா கினபாலுவில் இறங்கியதும் சபா குடிநுழைவுச் சோதனை உண்டு. மலையில் உங்கள் பெயர் போட்ட அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டச் சொல்வார்கள். அதை சாயாட் சாயாட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் மேலே விடுவார்கள். லாபான் ராத்தாவில் தூங்கும்போது அதைக் கழற்றிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, விடியற்காலை இருட்டில் மறந்து கிளம்பி, பாதி வழியில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறவர்கள் உண்டு. கழற்றாமலே தூங்குங்கள்.